தர்மபுரிக்குக் குடிவருகிறவர்களுக்கு

கனடாவில் சிறு நகரங்கள் ஆள் கேட்கின்றன. டொராண்டோவிலும் வான்கூவரிலும் குவிகிறவர்களில் கொஞ்சம் பேரையாவது வேறு பக்கம் திருப்பலாம் என்று 2019-இல் அரசு ஒரு முன்னோட்டத் திட்டம் கொண்டுவந்தது. சட்பரி, தண்டர் பே, மூஸ் ஜா முதலான 11 ஊர்கள் அதில் இடம்பெற்றன. 2024-இல் முடிந்த அந்தத் திட்டத்தில், வேலை உறுதியாகியிருப்பதோடு, குடியேறப்போகும் ஊரின் பரிந்துரையும் கையில் இருந்தால்தான் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க முடிந்தது. ஆளை ஊரே தேர்ந்தெடுத்ததால், தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்லும் பொறுப்பும் அதற்கு வந்துவிட்டது. நம் பக்கத்தில் சிறு நகரத்துக்கு ஒருவரை அனுப்பிவைப்பது மாற்றல் உத்தரவு. தர்மபுரிக்கு வங்கி அதிகாரி வருகிறார், மருத்துவர் வருகிறார், அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்கள் வருகிறார்கள். யாரும் அவர்களிடம் எதுவும் சொல்வதில்லை. வந்தவர்களும் பெங்களூரை மனத்தில் வைத்துக்கொண்டு, அதன் குறைந்துபோன பதிப்பாக இந்த ஊரைப் பார்த்து, இது இல்லை அது இல்லை என்று கணக்கெடுக்கிறார்கள். அந்தக் கணக்கே தவறு என்பது என் கட்சி. தர்மபுரியைப் புரிந்துகொள்ள அதைச் சுற்றியிருக்கும் கிராமங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பைப் பாருங்கள். நகராட்சிக்குள் இருந்தவர்கள் 68,619 பேர். மாவட்டத்தில் 15 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் கிராமவாசிகள். ஓசூரின் ஆலைகளெல்லாம் 2004-இல் பிரிந்துபோன கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு சென்றுவிட்டன. எஞ்சிய தர்மபுரியின் பெரிய மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம், பட்டுக்கூடு அங்காடி, துணிக்கடைகள் எல்லாம் இந்த 15 லட்சத்தை நம்பி நிற்பவை. திங்கட்கிழமை காலையில் ஆட்சியர் அலுவலகப் பக்கம் ஏன் இத்தனை கூட்டம் என்று புதிதாக வந்தவர் அலுத்துக்கொள்வார். அன்று குறைதீர் நாள். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் மனுவோடு வருகிறவர்கள் விடியற்காலையிலேயே புறப்பட்டிருப்பார்கள். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், முன்பு வீட்டு ஆண்கள் மட்டும் வந்துபோன வேலைகளுக்கு இப்போது பெண்களும் நேரே வர முடிகிறது. கடைவீதி சீக்கிரம் அடங்குவதற்கும் காரணம் இதுவே: வாங்க வந்தவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எழுத்தறிவில் 2011-இல் மாநிலத்திலேயே கடைசியில் இருந்த மாவட்டம் இது. வங்கியில் முன்பின் தெரியாத பெரியவர் பணமெடுக்கும் சீட்டை நீட்டி, "இத கொஞ்சம் எழுதிக் குடு கண்ணு" என்றால் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. ஊரில் பெயர் இப்படித்தான் ஏற்படுகிறது.

தண்ணீர் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வாடகைக்கு வீடு பார்க்கிறவர் வாஸ்துவைக் கேட்பதற்கு முன், குடிக்க வருவது ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா என்று கேட்கட்டும். இந்த மாவட்டத்தின் பாறைகளுக்கிடையில் ஊறும் நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க உகந்ததல்ல. பல் உருவாகும் வயதுக் குழந்தைகளுக்கு அது பழுப்புக் கறையாக நிலைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்பது நகரத்து நம்பிக்கை. காய்ச்சும்போது நீர்தான் ஆவியாகிறது, ஃப்ளோரைடு அப்படியே தங்கி இன்னும் செறிவாகிறது. இதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் திறந்தார்கள். காவிரியிலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களின் நகரங்களுக்கும் ஆயிரக்கணக்கான குக்கிராமங்களுக்கும் போகும் நீர் அது. ஒரு நாள் குழாயில் வராவிட்டால் நகராட்சியை மட்டும் திட்டிப் பயனில்லை. நாமும் அந்தக் கிராமங்களும் ஒரே குழாயின் பங்காளிகள். பங்காளி உறவில் சண்டையும் உண்டு என்பதை மறுக்கவில்லை.

இப்படிக் கிராமத்தின் வழியே ஊரை அறிந்த ஒரு வெளியூர்க்காரர் தர்மபுரி வரலாற்றிலேயே இருக்கிறார். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து, தர்மபுரி அடங்கிய பாராமகால் பகுதி ஆங்கிலேயரிடம் கைமாறியபின், கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்த ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் மன்றோ. 1799 வரை இங்கே வேலை பார்த்தார். ஊர் ஊராகப் போய், வயல் வயலாக அளந்து, உழுகிறவரோடு நேரே பேசியதில்தான் பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர்பெற்ற நிலவரி முறை உருவானது. அவர் வந்தது வரி வசூலிக்க. நல்ல அண்டை வீட்டுக்காரருக்கு அவரை உதாரணம் காட்ட மாட்டேன். ஆனாலும் கச்சேரியில் உட்கார்ந்தபடியே ஊரைத் தெரிந்துகொள்ள முடியாது என்று அவருக்குப் புரிந்திருந்தது.

இதெல்லாம் அந்தக் காலம், இப்போது நான்குவழிச் சாலை இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். சேலம் ஒரு மணி நேரத் தொலைவு, பெங்களூருக்கு இரண்டரை மணி நேரம் போதும். குடும்பத்தைச் சேலத்தில் வைத்துவிட்டுத் தினம் வந்துபோகிறவர்களும், வெள்ளிக்கிழமை மாலை பெங்களூர் பஸ் ஏறுகிறவர்களும் உண்டு. அது அவரவர் உரிமை. கனடாவிலும் சிறு நகரத்தின் பரிந்துரையில் வந்தவர் பிறகு டொராண்டோவுக்கு நகர்வதை யாரும் தடுக்க முடியாது. அரசியல் சாசனமே அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் பாதி வாரம் மட்டும் வாழ்கிற ஊர் ஒருவருக்குத் தன் குறைகளை மட்டுமே காட்டும். பள்ளி சரியில்லை என்று குழந்தையை அங்கே சேர்க்காதவர், அந்தப் பள்ளியைச் சரிசெய்யக் கேட்கும் குரல்களில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கிராமத்தோடு ஒட்டி வாழச் சொல்கிறாயே, கிராமம் என்றால் சாதியும் சேர்ந்துதானே வரும் என்பது. வரும். வீடு கேட்டுப் போனால் "எந்த ஊரு?" என்பார்கள், அடுத்து "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். இரண்டாவது கேள்வியின் பொருள் இருவருக்குமே தெரியும். 2012 நவம்பரில் ஒரு காதல் திருமணத்தைச் சாக்கிட்டு நத்தம் காலனியிலும் பக்கத்துத் தலித் குடியிருப்புகளிலும் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டது இந்த மாவட்டத்தில்தான். முகம் தெரியாத பெருநகரம் சிலருக்கு விடுதலை என்ற அம்பேத்கர் தரப்பு வாதத்துக்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும். என் பதில், அறிமுகத்தை எல்லோருக்கும் ஒரே விலையில் இந்த ஊர் தருவதில்லை என்பதைப் புதிதாக வருகிறவர் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே. அது எளிதாகக் கிடைத்துவிட்டவர், ஏன் தனக்கு மட்டும் எளிதானது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது கேள்வியைக் கேட்காத வீட்டுக்காரர்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்பது சக ஊழியர்களின் வாய்வழியாக மட்டுமே தெரியவருகிறது.

அந்த வாய்வழித் தகவல் எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்? அதியமான்கோட்டை, தடங்கம் பக்கத்தில் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆலைகள் வந்தால் வெளி மாநிலத் தொழிலாளர்களும் வருவார்கள். ஊர்ப் பெயர் சொன்னால் தெரிந்துகொள்ள இங்கே அவர்களுக்கு உறவினர் யாரும் இல்லை, தமிழும் இருக்காது. தண்ணீரைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு பக்கத் தாள் அச்சிட்டு, பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் வைக்க நகராட்சிக்குப் பெரிய செலவு ஆகாது.