யார் வெட்டிய குளம்?

ஐயங்கார்குளம் போயிருக்கிறீர்களா? காஞ்சிபுரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் இருக்கும். சஞ்சீவிராயர் கோயில் என்று ஓர் ஆஞ்சநேயர் கோயில், அதை ஒட்டிச் சின்னக் கடல் மாதிரி ஒரு குளம், கொஞ்சம் தள்ளி நடவாவிக் கிணறு. படியிறங்கிப் போனால் தரைக்கடியில் கல்மண்டபம். வருஷத்தில் பெரும்பாலும் தண்ணீரில் மூழ்கிக் கிடப்பதை, சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் மோட்டார் வைத்து இறைப்பார்கள். அன்றைக்குக் காஞ்சி வரதராஜர் இறங்கி வந்து மண்டபத்தை வலம் வருவார். அப்புறம் ஊற்று பழையபடி நிரப்பிவிடும்.

சில வருஷங்களுக்கு முன் அந்த உற்சவத்துக்குப் போனேன். சீக்கிரமே போய்விட்டதால், குளத்தங்கரையில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறுபது வயது இருக்கலாம். நமக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியுமா? "இந்தக் குளத்தை வெட்டினது யார் தெரியுமாம்மா? தாத்தாச்சாரியார்னு ஒருத்தர். விஜயநகர ராஜா வேங்கடபதிக்கு குரு. நானூறு வருஷம் ஆச்சு" என்றேன்.

"அவுரேவா மம்முட்டி புடிச்சாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. நூறு நாள் வேலையில் ஏரி, குளம், கால்வாய் என்று வருஷக்கணக்கில் மண் வெட்டியவராம். சும்மா இருந்திருக்கலாம் நான். "அந்த வேலைலதான் பாதி நேரம் மரத்தடியில உட்கார்ந்திருக்காங்கன்னு சொல்றாங்களே" என்றேன். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். காரில் போகிறபோது கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு நான் பல தடவை சொன்னதுதான்.

அவர் கோபப்படவில்லை. ஒரு பிஞ்சை நறுக்கிக்கொண்டே பாடம் எடுத்தார். கரைக்கு எந்த மண் போட வேண்டும் தெரியுமா? களிமண் தண்ணிப் பக்கம் இருக்கணும். மணலைக் கொட்டினால் அடுத்த மழையில் கசியும், அப்புறம் உடையும். ஒரே அடியாக உயர்த்தக் கூடாது. கொஞ்சம் போட்டு, மிதித்து இறுக்கி, அதன்மேல்தான் அடுத்தது. வெட்டுகிற இடத்தில் நடுவே ஒரு மண் திட்டை அப்படியே விட்டுவிட வேண்டும். எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பதற்கு அதுதான் சாட்சி. அளக்க வருகிறவர் டேப்பை அதன்மேல்தான் வைப்பார்.

"சித்தரைல கொளத்து மண்ணு கல்லு மாதிரி கெடக்கும் தம்பி. மழைக்கு அப்பறம் வெட்டுனா வெண்ணை. டேப்புக்கு ரெண்டும் ஒண்ணுதான். அளந்துட்டு கொறைச்சுப்புட்டாங்கன்னா நாங்க யாரப் போய் கேக்கறது?"

இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவருடைய மாமியார்.

வீட்டுக்கு வந்து, 2005-ல் வந்த அந்தச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 'திறன்சாரா உடலுழைப்பு' என்பதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள்: எந்தத் திறமையும் தனிப் பயிற்சியும் இல்லாமல், வயது வந்த யாரும் செய்துவிடக்கூடிய வேலை. எழுதியவருக்கு ஒரு மண்வெட்டியும் சித்திரை மாத வெயிலும் கொடுத்துப் பார்க்க ஆசையாக இருந்தது. அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு இன்னும் சுவாரஸ்யம். 1948-ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்ன சொன்னாலும், இந்த வேலைக்கான கூலியை மத்திய அரசு தனியாக நிர்ணயிக்கலாம். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்தது ஒரு நாளைக்கு 336 ரூபாய். அதுவும் அளவு சரியாக இருந்தால். (அந்த டிசம்பரில் இதற்குப் பதிலாகப் புதுச் சட்டமே வந்துவிட்டது.)

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த அம்மாவே சொன்னது. வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி. குனிந்து நாற்று நடுவது லேசான வேலை என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். "என் வூட்டுக்காரரும் நானும் ஒரே கூலி வாங்குனது கொளத்து வேலைலதான்."

இதே மாவட்டத்து உத்திரமேரூரைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவோம். குடவோலை முறை, ஆயிரம் வருஷத்து ஜனநாயகம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 921-ஆம் ஆண்டு. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியமே இருந்தது. அதில் உட்காரக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, 35-லிருந்து 70-க்குள் வயது. பட்டியலை இரண்டு தடவை படித்தேன். கரை போடத் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

உங்கள் ஆபீஸில் வருஷத்துக்கொரு தடவை அப்ரைசல் நடக்குமே, அன்றைக்கு வயிற்றில் ஒன்று புரளுமே! அந்த அம்மாவுக்கு அது வேலை அளக்கிற ஒவ்வொரு தடவையும். நீங்களாவது எதிரே உட்கார்ந்து வாதாடலாம்.

எழுந்திருக்கும்போது கேட்டார்: "நீ இன்னா வேல செய்யற தம்பி?"

"பத்திரிகைல எழுதறேம்மா."

"அதுக்குக் கூலி எப்புடி?"

"பக்கக் கணக்கு."

"அட, நீயும் அளவு வேலைதானா!" என்று அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். பிஞ்சுக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார். தூரத்தில் நாகஸ்வரம் கேட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் வேகமாக நடக்க ஆரம்பித்தார். நல்ல வியாபாரம் அங்கேதானாம்.