நகரமும் நம் பிள்ளைகளும்

'ஸஃபர்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். அதன் வேரில் திரை விலகுதல், வெளிப்படுதல் என்னும் கருத்தும் உண்டு. மனிதரின் உள்ளியல்பை வெளிக்கொணர்வதால் பயணம் அப்பெயர் பெற்றதென அறிஞர் விளக்குவர். ஓதிக்கொடுக்கும் பணியிலுள்ள நாம் இவ்விளக்கத்தை மாணவர்க்குப் பலமுறை சொல்லியிருக்கிறோம். அது எத்துணை மெய் என்பதை, நம் வீட்டுப் பிள்ளைகளோடு திருவனந்தபுரம் செல்லும்போதெல்லாம் கண்டுவருகிறோம்.

நாஞ்சில் நாட்டாருக்கு மிக அண்மையிலுள்ள பெருநகர் அதுவே. தக்கலையை அடுத்த பத்மநாபபுரம், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர்ப் பெருமையை அதற்கு விட்டுக்கொடுத்தது. 1956 நவம்பர் 1இல் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணையும்வரை நமக்கும் அதுவே தலைநகரம். 1979இல் ரயில் பாதையும் வந்தது. இத்துணை நெருக்கமிருந்தும் நம் குடும்பங்கள் அங்கே எதற்காகச் செல்கின்றன? ஒன்று, நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல. மற்றொன்று, வளைகுடா செல்பவரை விமான நிலையத்தில் வழியனுப்ப. பிள்ளைகளின் மனத்தில் அந்நகரம் மருந்தின் வாடையும் உம்மாவின் கண்ணீருமாகவே பதிந்துவிடுகிறது.

ஒரு விடுமுறையில், "பட்டணம் பார்க்கப் போவோமா?" என்றோம். தங்கையின் எட்டு வயது மகன், "யாருக்கு மாமா சுகமில்லை?" என்று கேட்டான். அவனுடைய வாப்பா வளைகுடாவில் உழைப்பவர். அந்த ஒரு கேள்விக்காகவே, ஆண்டுக்கு இருமுறை வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புறப்படுவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

ஒரு நாளில் இரண்டு மூன்று இடங்களுக்கு மேல் காட்டுவதில்லை. கையில் வாழையிலையில் கட்டிய பொதிச்சோறு. முதல்முறை உயிரியல் பூங்காவும் நேப்பியர் அருங்காட்சியகமும். (திங்கட்கிழமையன்று சென்று பூட்டிய வாயிலைப் பார்த்துத் திரும்பாதீர்கள்.) பூங்கா 1859இல் திறக்கப்பெற்றது. 1880இல் எழுந்த அருங்காட்சியகக் கட்டிடம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையை வடிவமைத்த சிஷோமின் கைவண்ணம். பையன்கள் புலியையே பேசிக்கொண்டிருக்க, நம் மகள் மட்டும், "இவ்வளவு வெயிலிலும் உள்ளே எப்படி வாப்பா குளிர்ச்சி?" என்று கேட்டாள். காற்று வந்துபோகும்படி அதனை அமைத்த திறத்தைச் சுற்றிச்சுற்றிக் காட்டினோம். வீட்டில் வாய் திறவாத பெண் அவள்!

அடுத்த பயணம் பாளையம். 1829இல் தோன்றிய பொது நூலகத்தில் ஏடு புரட்டியபின், அருகிலுள்ள ஜும்ஆப் பள்ளியில் லுஹர் தொழுதோம். பள்ளியை அடுத்துக் கணபதி கோவில். எதிரே மாதா கோவில். மும்மதத்தார் அண்டை வீட்டாராய் வாழ்வதைப் பாடமாகச் சொல்ல வேண்டிய தேவை அங்கே எழவில்லை.

கிழக்கேகோட்டையில் 'மேத்தன் மணி' என்னும் பழங்கடிகாரம் உண்டு. மணியடிக்கையில் தாடி வைத்த முகமொன்று வாய் திறக்க, இருபுறமும் ஆட்டுக்கிடாய்கள் அதன் கன்னங்களில் முட்டும்படி அமைத்த பொறி அது. மேத்தன் என்பது பழைய திருவிதாங்கூரில் முஸ்லிம்களைக் குறித்த சொல். தாடியால் அப்பெயர் வந்ததென்பர். "அது நம்மை ஏசுவதா மாமா?" என்றான் மருமகன். "சொல்லுபவன் ஏசினால் ஏச்சு, அன்போடு அழைத்தால் பெயர். ஊரெல்லாம் நேரம் பார்த்தது இந்த முகத்தில்தானே!" என்றோம். பிறகு திவான் ராஜா கேசவதாஸ் நிறுவிய சாலைக் கடைத்தெருவில் தமிழ் பேசும் வணிகர்களைக் கண்டு அவன் மகிழ்ந்தான்.

மாலையில் சங்குமுகம் கடற்கரை. அருகிலுள்ள விமான நிலையத்திலிருந்து எழும் விமானங்களை அவன் எண்ணினான். "வாப்பா போனதும் இந்தக் கடலுக்கு மேலேதானா?" என்றான். ஆமென்றோம். அழுவானென்று அஞ்சினோம்; அழவில்லை. தொலைபேசியில் தன் வாப்பாவிடம் எப்போது வருவீர்கள் என்பதை மட்டுமே கேட்டுவந்தவன், அன்றிரவு கிடாய்கள் முட்டிய கதையை நெடுநேரம் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு திருமறை நம்மைப் பலவிடங்களில் ஏவுகிறது. அதற்குக் கப்பல் ஏற வேண்டுவதில்லை. பேருந்துக் கட்டணமும் பொதிச்சோறும் போதும். நோயுமின்றி, வழியனுப்பலுமின்றி, நகரம் காண்பதற்காகவே பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். அவர்களுள் மறைந்திருப்பது என்னவென்று அப்போது தெரியும்.