வாங்கி, வெள்ளையடிச்சு, வித்து... ஒரு நஷ்டக் கணக்கு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. தள்ளிப் போட்டதுக்குக் காரணம் பெருசா ஒண்ணும் இல்லை, வெட்கம்தான். 12 லட்சம் போனதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. அதுக்கு நடுவுல நான் சொன்ன ஒரு வார்த்தை இருக்கு. அதை எழுதத்தான் கை வரலை. இன்னைக்கு எழுதிடறேன்.

2022 கடைசியில் தங்கமணியோட அண்ணன் ஒரு யோசனையோட வீட்டுக்கு வந்தார். மச்சானும் நம்மள மாதிரி மும்பையில் குப்பை கொட்டுகிறவர்தான். "மாப்ள, பழைய ஃப்ளாட் ஒண்ணு வாங்குவோம். ஏழெட்டு லட்சம் செலவு பண்ணி சமையலறை, பாத்ரூம், தரை எல்லாம் புதுசாக்குவோம். தீபாவளிக்குள்ள வித்துடலாம். கைக்கு ஒரு பத்து லட்சமாவது நிக்கும்." அமெரிக்காவில் இதை ஒரு தொழிலாவே பண்றாங்களாம், டிவியில் எல்லாம் காட்டறாங்களாம். தங்கமணி மட்டும், "அண்ணே, நம்ம யாருக்கும் ஒரு செங்கல்லைப் பத்திக்கூடத் தெரியாதே" என்று கேட்டாள். யார் காதில் விழுந்தது?

2023 பிப்ரவரியில் முலுண்ட் கிழக்கில் ஒரு ஒன் பெட்ரூம் ஃப்ளாட் அமைந்தது. 1988-ல் கட்டிய நாலு மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. எங்களுடையது மேல் மாடி. விலை 82 லட்சம். கீழ் மாடி வீடுகளை விட நாலு லட்சம் குறைவு. லிஃப்ட் இல்லாததால்தான் குறைவு என்று நாங்களே முடிவு பண்ணிக்கொண்டோம். சுவரும் கூரையும் பளிச்சென்று புது பெயிண்ட். "நமக்கு பெயிண்ட் செலவு மிச்சம்" என்று மச்சான் சிரித்தார். இருபது வருஷம் அங்கே குடியிருந்தவர், விற்பதற்கு முந்தின மாசம் எதுக்குப் பெயிண்ட் அடிச்சார் என்று ரெண்டு பேருக்கும் கேட்கத் தோணவில்லை.

அதுக்காக எதையுமே பார்க்காமல் வாங்கினோம் என்று நினைக்காதீர்கள். வக்கீல் வைத்து முப்பது வருஷத்து வில்லங்கம் பார்த்தோம். சொசைட்டியில் நிலுவை இல்லை என்று கடிதம் வாங்கினோம். பேங்கில் இருந்து மதிப்பீட்டாளர் ஒருவரும் வந்தார். பத்து நிமிஷம் இருந்தார், டேப் பிடித்து அளந்தார், நாலு போட்டோ எடுத்தார், போய்விட்டார். "பேங்க்காரனே பார்த்துட்டுப் போயிட்டான், அப்புறம் என்ன?" என்று நாங்கள் நிம்மதியானோம். அவர் பார்க்க வந்தது பேங்க் கொடுக்கும் கடனுக்கு அந்த வீடு ஈடாகுமா என்பதை. கூரை நிற்குமா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. இது எனக்குப் புரிய ஜூலை ஆச்சு.

நம்ம ஊர்க்காரர்கள் பத்திரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்போம். வீட்டைப் பார்க்கும்போது, "காத்து நல்லா வருது, கிழக்குப் பார்த்த வாசல்" என்பதோடு முடித்துக்கொள்வோம். நியூஜெர்சியில் இருக்கும் என் பெரியப்பா பையன் போனில் கேட்ட முதல் கேள்வியே, "இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் என்னடா சொல்லுது?" என்பதுதான். நான் சிரித்தேன். அங்கே வாங்குபவர் ஒரு ஆளை வைத்துக் கூரை, குழாய், ஒயரிங் என்று எல்லாவற்றையும் பார்த்து எழுதி வாங்குவது சாதாரணம். குறை வந்தால் விலையைக் குறைக்கலாம், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் விலகியும் விடலாம். மாசசூசெட்ஸில் 2025 அக்டோபரிலிருந்து, இன்ஸ்பெக்‌ஷன் வேண்டாம் என்று வாங்குபவர் ஒத்துக்கொண்டால்தான் வீடு என்று விற்பவர் நிபந்தனை போடவே கூடாது என்று விதி வந்துவிட்டது. இங்கே நாம் கேட்பதே கிடையாது.

சரி, கதைக்கு வருகிறேன்.

மார்ச்சில் வேலை ஆரம்பித்தோம். தச்சு வேலைக்குக் கோரக்பூர்க்காரர் ஒருவர், கூட ரெண்டு பையன்கள். மும்பையில் வழக்கம் தெரியுமில்லையா, வேலை நடக்கும் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார்கள். மே மாசம் ஒருநாள் சமையலறையில் கூரையை ஒட்டி அலமாரி மாட்டும்போது அவர் என்னைக் கூப்பிட்டார். "சாப், இந்தக் கூரை ஸ்க்ரூ பிடிக்க மாட்டேங்குது. டிரில் போட்டா மாவு மாதிரி கொட்டுது. தட்டிப் பாருங்க, பானையைத் தட்டற மாதிரி சத்தம் வருது."

நான் தட்டிப் பார்க்கவில்லை. எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "நீளமான ஸ்க்ரூ போடுங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

நான் எழுத வெட்கப்பட்ட வார்த்தை அதுதான்.

ஜூன் கடைசியில் மழை பிடித்தது. நான் தென்காசிப் பக்கம். சாரலில் வளர்ந்தவன், மழை எனக்குப் புதுசு இல்லை என்று ஒரு மிதப்பு உண்டு. மும்பை மழை வேறே. சென்னையில் வருஷம் முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 2023 ஜூலையில் சாந்தாகுரூஸில் ஒரே மாசத்தில் 1,700 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. பிப்ரவரியில் பளிச்சென்று இருந்த கூரையில் முதலில் தேமல் மாதிரி மஞ்சள் திட்டு, அப்புறம் கொப்புளம், அப்புறம் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. பூச்சுக்குள்ளே கம்பி துருப்பிடித்துக் கசிகிற கோடு அது. "மழை விட்டதும் ஒரு கோட் பெயிண்ட் அடிச்சிடலாம்" என்றார் மச்சான்.

ஜூலை மூணாவது வாரம் ராத்திரி ரெண்டரை மணிக்குப் போன் வந்தது. சமையலறைக் கூரையிலிருந்து தோசைக்கல் அளவுக்கு ஒரு கான்கிரீட் பாளம் பெயர்ந்து விழுந்திருந்தது. ஹாலில் ஒழுகுகிறது என்று பாயை அங்கே மாற்றிப் போட்டுப் படுத்திருந்தார் தச்சர். அவர் வலது பாதத்தின் மேல் விழுந்தது. ரெண்டு எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. ரெண்டு அடி தள்ளி அவர் தலை.

ஆஸ்பத்திரியில் அவர் என்னைத் திட்டவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேனே சாப்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அப்புறம் ஊருக்குப் பணம் அனுப்புவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அதுக்கப்புறம்தான் கட்டுமான என்ஜினீயரை அழைத்து வந்தேன். கட்டணம் 15 ஆயிரம். மனுஷர் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஒரு சின்னச் சுத்தியலால் கூரை முழுக்கத் தட்டினார். தச்சர் சொன்ன அதே பானைச் சத்தம், சமையலறை முழுக்க, ஹாலில் பாதி. அப்புறம் உடைந்த இடத்தில் பினாப்தலின் என்ற திரவத்தைத் தெளித்தார். பள்ளிக்கூட லேபில் பார்த்திருப்பீர்கள். நல்ல கான்கிரீட்டில் காரத்தன்மை இருக்கும், தெளித்தால் இளஞ்சிவப்பாக மாறும். அந்தக் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. வருஷக்கணக்கில் காற்றிலிருக்கும் கரியமில வாயு உள்ளே இறங்க இறங்க அது போய்விடும். எங்கள் கூரையில் கம்பி வரைக்கும் நிறமே வரவில்லை. காவல் போன கம்பிக்குத் தண்ணீரும் கிடைத்தால் துரு. துருப்பிடித்த இரும்பு பருக்கும், ரெண்டு மடங்குக்கும் மேலே போகும். உள்ளே இடம் ஏது? மேலே இருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? மொட்டைமாடியிலிருந்து. செங்கல் ஜல்லி போட்டுச் செய்த பழைய தண்ணீர்க்காப்பு, இங்கே 'கோபா' என்பார்கள், அது எப்போதோ விரிந்து போயிருந்தது. மேல் மாடி வீடு நாலு லட்சம் குறைவாகக் கிடைத்த ரகசியம் அதுதான்.

இன்னொன்றும் தெரிய வந்தது. மகாராஷ்டிராவின் மாதிரி பைலாப்படி 15 முதல் 30 வருஷம் ஆன கட்டடத்துக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையும், 30 தாண்டினால் மூணு வருஷத்துக்கு ஒரு தடவையும் கட்டட உறுதித் தணிக்கை செய்ய வேண்டும். எங்கள் சொசைட்டியில் 2018-ல் ஒன்று செய்திருக்கிறார்கள். மேல் மாடிக் கூரைகள் மோசம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. செயலாளரின் அலமாரியில் அஞ்சு வருஷமாகத் தூங்கியது. நான் கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார். கேட்காததால் கொடுக்கவில்லை.

இப்போது முக்கியமான இடம். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மச்சான் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "ஒரு ஃபால்ஸ் சீலிங் போட்டுட்டா வெளிய தெரியாது மாப்ள" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "இந்த ரிப்போர்ட்டை எடுக்காம இருந்திருந்தா நமக்கே தெரிஞ்சிருக்காதுல்ல?"

மச்சான் கெட்டவர் இல்லை. அவர் போட்ட பணம் பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு ராத்திரி முழுக்க அது சரி என்றே பட்டது. எங்களுக்கு விற்றவரும் அதைத்தானே செய்தார்? அவர் பெயிண்டால் மூடினார், நாங்கள் ஜிப்சம் பலகையால் மூடுவோம். இந்த வாங்கி விற்கும் வேலையில் ஆபத்தே இதுதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. குடியிருக்க வாங்குகிறவனுக்கு என்றைக்காவது குறையைப் பார்த்தே ஆக வேண்டும். விற்க வாங்குகிறவனுக்குப் பார்க்காமல் இருப்பதுதான் லாபம்.

சட்டமும் இதைத் தொட்டிருக்கிறது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருந்தால், விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால் விற்றவருக்குத் தெரியும் என்று நிரூபிப்பது யார்? எங்களுக்கு விற்றவர் மேல் கேஸ் போட வக்கீலிடம் போனேன். பத்து வருஷம் ஆகலாம் என்றார். ரெரா சட்டத்தில் கட்டுமானக் குறைக்கு அஞ்சு வருஷப் பொறுப்பு இருப்பது பில்டருக்கு. 1988 கட்டடத்தைக் கைமாற்றி வாங்கியவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கடைசியில் தங்கமணிதான் பஞ்சாயத்தை முடித்தாள். "அண்ணே, அந்த சமையல்கட்டுல இனி யாரோ நின்னு சமைப்பாங்க." அவ்வளவுதான் சொன்னாள். மச்சான் அதுக்கப்புறம் ஃபால்ஸ் சீலிங் பேச்சை எடுக்கவில்லை.

முட்டுக் கொடுத்து, பொள்ளையான கான்கிரீட்டை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, காப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் திரும்பக் கட்டினோம். மொட்டைமாடிக் கசிவால் மேல் மாடிக் கூரை கெட்டால் செலவு சொசைட்டியுடையது என்றுதான் பைலா சொல்கிறது. நிதி இல்லை என்று சொசைட்டி கைவிரித்தது. காத்திருந்தால் அடுத்த மழை வந்துவிடும் என்று நாங்களே போட்டோம்.

விற்கும்போது ரிப்போர்ட்டையும் ரிப்பேர் பில்லையும் மேஜை மேல் வைத்தோம். மூணு பேர் படித்துவிட்டு ஓடினார்கள். நாலாவதாக வந்தவர் தன் சொந்த என்ஜினீயரோடு வந்தார், தட்டிப் பார்த்தார், பேரம் பேசினார். 2024 ஏப்ரலில் 98 லட்சத்துக்கு முடிந்தது.

கணக்கு இதோ. விலை 82 லட்சம். முத்திரைத்தீர்வை 6 சதவீதம், 4.92 லட்சம். பதிவுக் கட்டணம் 30 ஆயிரம். புரோக்கர் 82 ஆயிரம். சொசைட்டி மாற்றுக் கட்டணம் 25 ஆயிரம். அழகுபடுத்த 9.4 லட்சம். கூரை ரிப்பேர், மொட்டைமாடிக்கு எங்கள் பங்கு சேர்த்து 3.6 லட்சம். தச்சரின் வைத்தியமும் வேலை இல்லாத மாசங்களின் கூலியும் 90 ஆயிரம். பதினாலு மாச வட்டி சுமார் 6.1 லட்சம். பராமரிப்பு 63 ஆயிரம். என்ஜினீயர் 15 ஆயிரம். விற்கும்போது புரோக்கர் 98 ஆயிரம். கூட்டிக் கழித்தால் 12 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே நஷ்டம். இத்தனைக்கும் எல்லாம் நல்லபடி நடந்து லாபம் வந்திருந்தாலும், 24 மாசத்துக்குள் விற்றதால் அது குறுகிய கால லாபம், சம்பளத்தோடு சேர்ந்து வரி கட்டியிருக்க வேண்டும். அதையும் முன்னாடி யாரும் யோசிக்கவில்லை, ஹும்ம்.

இந்தப் பட்டியலில் 15 ஆயிரத்தைப் பாருங்கள். அதை முதல் வரியில் செலவழித்திருந்தால் மற்ற எந்த வரியும் இருந்திருக்காது.

நீங்கள் குடியிருக்கவோ விற்கவோ பழைய வீடு வாங்கப் போனால், டோக்கன் கொடுப்பதற்கு முன்னால் ஒரு என்ஜினீயரைக் கூட்டிப் போங்கள். சொசைட்டியின் கடைசி தணிக்கை ரிப்போர்ட்டைக் கேளுங்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை பாருங்கள், முடியாவிட்டால் பக்கத்து வீட்டில் ஓதம் உண்டா என்று விசாரியுங்கள். புதுப் பெயிண்டைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். வேலை செய்கிறவர் கூரையில் சத்தம் வேற மாதிரி வருகிறது என்று சொன்னால், ஆபீஸுக்கு லேட்டானாலும் பரவாயில்லை, நின்று தட்டிப் பாருங்கள்.

தச்சர் இப்போதும் வேலை செய்கிறார். போன மாசம் எங்கள் வீட்டுக் கதவைச் சரி பண்ண வந்தார். மழை நாளில் பாதம் கொஞ்சம் வலிக்கும் என்றார். டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது வழக்கம்போலக் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.