என் முட்டியும் என் வாயும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், நாங்கள் கடைத்தெரு என்று சொல்லும் வட்டாரத்தில், சில வருடங்களாக நான் ஒரு பொய்யைப் பரப்பி வந்திருக்கிறேன். “யோகா பண்ணப் போய் முட்டி போயிடுச்சு” என்பது அந்தப் பொய். முட்டி போனது நிஜம். போகவைத்தது யோகா அல்ல.

யோகாவைப் பற்றிப் பேசுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. 2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம் முஸ்லிம்கள் மந்திரத்தோடு கூடிய யோகாவைச் செய்யலாகாது என்று அறிவித்தபோது, தே தாரிக் மேசையில் உரக்கக் கத்தியவன் நான்தான். சில நாளில் பிரதமர் அப்துல்லா படாவி, மந்திரம் இல்லாத உடற்பயிற்சியாகச் செய்யத் தடையில்லை என்று விளக்கிவிட்டார். நான் விடவில்லை. 2015 முதல் ஜூன் 21 யோகா தினமாக ஆனதும் மேடையும் கிடைத்தது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைப் பேசுகிறது என்று தொடங்குவேன். அடுத்து சுவாமி சிவானந்தர். பத்தமடையில் பிறந்த குப்புசாமி, 1913இல் மலாயாவுக்கு வந்து நெகிரி செம்பிலானில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார், 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்பட்டார், ரிஷிகேசத்தில் 1936இல் தெய்வநெறிக் கழகம் கண்டார். “அந்த மகான் நம்ம மண்ணுல பத்து வருசம் நடமாடியிருக்கார்!” என்று முடித்தால் கைதட்டல் நிச்சயம்.

இவ்வளவும் பேசிய காலத்தில் எனக்குத் தரையில் சம்மணம் போட வராது. கோயில் அன்னதானத்தில் பந்தியில் உட்காராமல், பரிமாறும் கூட்டத்தோடு வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். தொண்டு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கிகளில் வட்டித்தொழில் நடந்த நாளில், செட்டியார்கள் கைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை தரையில் உட்கார்ந்தே கணக்கு எழுதினார்கள். அதே தெருவில் நாற்காலியிலேயே வயதானவன் நான்.

கிளினிக்கில் இனிப்பு நீர் என்று சொல்லிவிட்டார்கள். அதில் வியப்பில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. நடங்கள், யோகா மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றார் டாக்டர். பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் நடந்த வகுப்பில் சேர்ந்தேன். பலகைத் தரை. கீழே பாட்டுக் கடை. சவாசனத்தில் கண்ணை மூடினால் குத்துப்பாட்டு காதைத் துளைக்கும்.

வகுப்பில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற சீனப் பெண்கள். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயது. முதல் நாள் எல்லோரிடமும் கேட்டது போல என்னிடமும், “அங்கிள், முட்டி, முதுகு எதுலயாச்சும் அடிபட்டிருக்கா? பிரஷர் இருக்கா?” என்று கேட்டார். வாலிபத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வலது முட்டி வீங்கிக் கிடந்ததை நான் சொல்லவில்லை. “ஒண்ணும் இல்லம்மா” என்றேன். மடித்த கம்பளியைக் கொடுத்து, இடுப்பை அதன்மேல் உயர்த்தி உட்காரச் சொன்னார். அதுவும் முடியாவிட்டால் நாற்காலி இருக்கிறது என்றார். கம்பளியை ஓரமாகத் தள்ளி வைத்தேன். திருமூலர் வழி வந்தவனுக்குக் கம்பளியா? இரண்டு சீன ஆன்ட்டிகள் கூச்சமே இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழகாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆன்ட்டி, எழுபதைத் தாண்டியவர், பத்மாசனத்தில் சுகமாக இருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. நம்முடைய சொத்தை இவர் அனுபவிக்கிறார் என்ற எரிச்சல்தான், வேறொன்றுமில்லை.

ஒருநாள் ஆசிரியை அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது, வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து இடது தொடைமேல் இழுத்துப் போட்டேன். உள்ளே ‘சடக்’கென்றது.

பிறகு டாக்டர் விளக்கினார். இடுப்பு மூட்டு எல்லாப் பக்கமும் சுழலும். முட்டி பெரும்பாலும் மடங்கவும் நீளவும் மட்டுமே ஆனது. இடுப்பு இளகாதவன் காலை வலிந்து தூக்கி வைத்தால் திருகல் முழுவதும் முட்டிக்குள் இறங்கும். உட்பக்கக் குருத்தெலும்பு வட்டு கிழியக்கூடும். எனக்குக் கிழிந்திருந்தது. நான் அவமானமாக நினைத்த கம்பளி, கட்டை, நாற்காலியை ஆசனப் பயிற்சியில் ஒரு முறையாகவே வளர்த்தவர் பி. கே. எஸ். அய்யங்கார், சிறுவயதில் காசநோயும் மலேரியாவும் கண்ட நோஞ்சான். இதையெல்லாம் முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தபோதுதான் படித்தேன். பதஞ்சலி ஆசனத்தைப் பற்றிச் சொன்னது மூன்றே சூத்திரங்கள் என்பதும், காலைத் தொடைமேல் ஏற்றச் சொல்லும் சூத்திரம் அதில் இல்லை என்பதும் அப்போது தெரிந்தவைதான். அதற்கு முன் மேடையில் எதைப் பேசினேன் என்று கேட்காதீர்கள்.

இதுவரை என்னோடு போயிற்று. இனிமேல் சொல்வதுதான் குற்றம்.

ஆசிரியையிடம் “வேலை அதிகம்மா” என்று சொல்லி நின்றுகொண்டேன். தெருவில் நொண்டுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பழியை யோகாவின்மேல் போட்டேன். “அது இந்தியாவுல உள்ளவங்களுக்குச் சரி. நம்ம உடம்புக்கு ஒத்துவராது” என்று ஆலோசனையும் சேர்த்துக் கொடுத்தேன். சேலைக்கடையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் அதே வகுப்பில் சேரப் பணம் எடுத்து வைத்திருந்தார். அவருக்கும் இனிப்பு நீர், என்னைவிட அதிகம். “நீங்களே சொல்றீங்கன்னா வேணாம்ணே” என்று விட்டுவிட்டார். இன்றும் என்னைப் பார்த்தால், “முட்டி எப்படிண்ணே இருக்கு?” என்றுதான் கேட்கிறார். அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

நேரில் சொல்ல வாய் வராமல்தான் இங்கே எழுதுகிறேன். மேடையில் அத்தனை பேசிய வாய்க்கு இது ஒரு வெட்கம். தம்பி, நீங்கள் இதைப் படித்தால் அந்த வகுப்பில் போய்ச் சேருங்கள். உங்களைப் போல் என் பேச்சைக் கேட்டு நின்றவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களும் போங்கள். பழைய அடி, பிரஷர், சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாற்காலி கொடுத்தால் வாங்கி உட்காருங்கள். பத்மாசனத்தைப் பற்றி யாராவது பெருமை பேசினால், அது நானாகவே இருந்தாலும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.