அலசிய வலைகள்



வேப்பந்தட்டைக்கு மேற்கே எழும் பச்சைமலையில் ஓரிரவு தங்கி, ஓடையில் மீன் பிடிக்க ஆயத்தமாகிறீர்களா? காப்புக்காட்டில் தங்குவதற்கும் தூண்டில் போடுவதற்கும் முதலில் வனத்துறையின் அனுமதியைப் பெறுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஓடைக்கரையில் கூடாரம் அடிக்காதிருங்கள். மேலே பெய்த மழையை நள்ளிரவில் வெள்ளம்தான் வந்து அறிவிக்கும். மேட்டு நிலமே நல்லது. செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் வீட்டாரிடம் எழுதிக் கொடுங்கள். மலையில் கைப்பேசி கைகொடுக்கும் என்று நம்பியிராதீர்கள்.

விளக்கு, தீப்பெட்டி, தூண்டில் முள், நரம்பு, இவற்றோடு அரிசியும் பருப்பும் வேண்டும். “மீன்தான் கிடைக்குமே!” என்று நகைப்பவர்கள் உண்டு. லூக்கா 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கெனேசரேத்துக் கடலின் ஒவ்வொரு துறையையும் அறிந்திருந்த சீமோனுக்கே ஓரிரவு முழுவதும் ஒன்றும் அகப்படவில்லை. விடுமுறைக்குத் தூண்டில் எடுத்தவர் எம்மாத்திரம்!

ஆயினும் அந்த மீனவர்கள் சலிப்புற்று வலைகளைக் கரையில் எறிந்துவிட்டு வீடு செல்லவில்லை, உட்கார்ந்து அலசினார்கள். நாரிழை வலையில் பாசியும் சேறும் தங்கினால் அது இற்றுப்போகும். அடுத்த இரவுக்கு உதவாது. இயேசு கண்டது அந்த வெறுமையான காலையில் அலசப்பட்ட வலைகளைத்தான். ஆழத்தில் இறக்கப்பட்டவையும் அவையே.

நீங்களும் வெறுங்கையோடு இறங்கி வந்தால், அன்றிரவே நரம்பைத் துடைத்துச் சுற்றி வையுங்கள். அறுந்த துண்டுகளை ஓடையில் விட்டுவராதீர்கள். நீர்ப்பறவைகளின் கால்கள் அவற்றில் சிக்கும்.