கடலடிக் காடு மீண்ட கதை

யாழ்ப்பாணக் கரையோரக் கிராமங்களிற் பிறந்தோருக்குச் சாதாழை புதிய பொருளன்று. கரையொதுங்கிய சாதாழையை அள்ளி வந்து தோட்டத்துக்கு உரமாக இட்டவர்கள் நம் முன்னோர். சிட்னியிற் குடியேறிய பின்னர், இந்நகரின் கடற்பாசிக்கு நேர்ந்ததை நான் படித்தறிந்தேன். அதனை நம் மாணவச் செல்வங்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கடற்பாசிக்கு நிலத்துப் பயிரைப் போன்ற வேர் இல்லை. பாறையைப் பற்றி நிற்க ஒரு பிடிப்புறுப்பு மட்டுமே உண்டு. தனக்கு வேண்டிய சத்துகளை அது நீரிலிருந்து தன் உடற்பரப்பு முழுவதாலும் உறிஞ்சுகிறது. ஆகவே நீரின் தூய்மை, வெப்பம், ஒளி, அலையின் வேகம் ஆகியவற்றில் நேரும் மாற்றம் அதனை நேரே தாக்கும்.

அதன் இலைபோன்ற பரப்பின்மேல் டயட்டம் முதலிய நுண்பாசிகள் குடியிருக்கின்றன. சிறு நத்தைகள் அவற்றை மேய்ந்து வாழ்கின்றன. அளவோடு இருக்கும்வரை அவற்றால் தீங்கில்லை. ஆனால் கழிவுநீரோடு நைதரசனும் பொசுபரசும் மிகுந்து கலந்தால், விரைந்து பெருகும் இச்சிற்றுயிர்களே முதலிற் செழிக்கின்றன. அவை தடித்த போர்வையாகப் படிந்து, தம்மைத் தாங்கும் பாசிக்கு ஒளி கிட்டாமற் செய்கின்றன. அலை ஓய்ந்த இடங்களில் இப்போர்வை மேலும் தடிக்கும். வெப்பத்தாற் பெரும்பாசி தளர்ந்திருப்பின் கேடு இரட்டிப்பாகும்.

சிட்னிக் கரையோரத்தில் ‘கிரேவீட்’ என்னும் பழுப்புப் பாசி ஒரு காலத்திற் காடாக வளர்ந்திருந்தது. சிங்கி இறாலுக்கும் பல மீன்களுக்கும் அது புகலிடம். 1980களில் பாம் பீச் முதல் குரொனல்லா வரை ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தூரத்தில் அது அற்றுப்போயிற்று. அந்நாளிற் போதிய சுத்திகரிப்பின்றிக் கரையருகே விடப்பட்ட கழிவுநீரே இதற்குக் காரணமென ஆய்வாளர் கருதுகின்றனர். 1990, 1991 ஆம் ஆண்டுகளில் கழிவுநீரை ஆழ்கடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் இயங்கத் தொடங்கின. கரையோர நீர் தெளிந்தது. எனினும் கிரேவீட் தானாகத் திரும்பவில்லை.

2011 இல் ஆய்வாளர்கள், அழிவுக்குத் தப்பிய பகுதிகளிலிருந்து ஆண், பெண் செடிகளை எடுத்துவந்து, பாறைகளிற் பொருத்திய வலைகளிற் கட்டி நட்டனர். அவை இனம் பெருக்கின. அருகிலிருந்த பாறைகளிற் புதிய இளஞ்செடிகள் முளைத்தன. அதன்பின் வேறு பல இடங்களிலும் இம்முயற்சி தொடர்ந்தது.

சூழல் சீரானால் மட்டும் போதாது. வித்தும் வேண்டும், அதனைச் சுமந்துவந்து நடுவோரும் வேண்டும். வாரந்தோறும் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்துவரும் பெற்றோருக்கு இவ்வுண்மையை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்று அக்காட்டை வேறோர் இடர் நெருங்குகிறது. அவுஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கடல் விரைந்து வெப்பமடைந்து வருகிறது. அங்கு வந்துசேரும் வெந்நீரோட்டத்தில் சத்துகளும் குறைவு. இதனை ஒரு குடும்பத்தால் தடுத்துவிட இயலாது. ஆயினும் நம் வீட்டுக் கழிவுநீர் சேருமிடம் இக்கடலே. முற்றத்தில் வாகனம் கழுவிய சவர்க்கார நீரும், புற்றரைக்கு மிகையாக இட்ட உரமும் மழைநீர்க் கால்வாய் வழியே கடலை அடைகின்றன. நாம் பிறந்த மண்ணின் கடலை நேசிப்பதுபோல, நம் பிள்ளைகள் நீந்திக் களிக்கும் இக்கடலையும் பேணுவது நமது கடனாகும்.