அரசினர் தோட்டத்தில் இறங்கினால் கோட்டை வருமா?

"தம்பி, கோட்டைக்கு எந்த வாசல்?"

சென்னை அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் டிக்கெட் கதவைத் தாண்டியதும் ஒரு பெரியவர் கேட்டார். கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக ஒரு மனு. நின்றுபோன முதியோர் உதவித்தொகை விஷயமாம். கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, யாரோ சொன்னதைக் கேட்டு கிண்டியில் மெட்ரோ ஏறியிருக்கிறார்.

"கோட்டை இங்க இல்லீங்க ஐயா."

"பேர்லயே அரசுன்னு போட்டிருக்கே!"

நியாயமான கேள்விதான். அதைவிட, அடுத்து அவர் சொன்னதுதான் என்னை நிறுத்திவிட்டது. "புதுத் தலைமைச் செயலகத்த இங்கதான திறந்தாங்க? டி.வி.ல பாத்தேனே."

பார்த்தது உண்மைதான். 2010 மார்ச்சில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். மேலே குவிமாடம் முடியாததால், விழாவுக்காக கலை இயக்குநர் தோட்டா தரணி சினிமா செட் போல ஒன்றை அமைத்துக் கொடுத்தார். 2011-ல் ஆட்சி மாறியது. தலைமைச் செயலகம் ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பிவிட்டது. 2014-ல் இந்தக் கட்டடம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆனது. மெட்ரோ வந்தது அதற்கும் பிறகு, 2019 பிப்ரவரி 10-ல்.

"வந்ததுக்கு அதையாவது பாத்துட்டுப் போறேன்" என்றார். லிஃப்டில் மேலே வந்தோம்.

அண்ணா சாலை வெயில் முகத்தில் அறைந்தது. வாலாஜா சாலை முனையில் அண்ணா சிலை. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1968 ஜனவரி 1-ல் திறக்கப்பட்டது. மறுபக்கம், 1947-49ல் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் பெயரைத் தாங்கிய தோட்டம். உள்ளே ராஜாஜி மண்டபம். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என நான்கு முதல்வர்களின் உடலுக்கும் மக்கள் அஞ்சலி செலுத்தியது அதன் படிக்கட்டில்தான்.

சட்டமன்றமும் இந்தத் தோட்டத்துக்கு வந்து வந்து போயிருக்கிறது. 1952 பொதுத்தேர்தலுக்குப் பிறகு இங்கே கட்டிய கட்டடத்தில் சில ஆண்டுகள் கூடியது. 2010-ல் மறுபடி வந்தது. கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், இடைவெளி விட்டு உட்கார வேண்டுமென்று கலைவாணர் அரங்கத்துக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் கோட்டைக்கே திரும்பிவிட்டது.

இன்று இந்த நிலையத்தில் யார் இறங்குகிறார்கள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். எக்ஸ்ரே கவர், சாப்பாட்டுக் கூடை, கைத்தாங்கலாக நடத்திவரப்படும் அம்மா, ரிச்சி தெருவுக்கு உடைந்த போனோடு போகும் கல்லூரிப் பையன்கள். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவரைக்கூடக் காணோம். (அவர்களுக்கு கார் இருக்கிறது.)

பெரியவர் அந்த வட்டக் கட்டடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். வாசலில் ஆம்புலன்ஸ் திரும்பியது. "ஆஸ்பத்திரியா ஆனதும் நல்லதுதான்" என்றார். பிறகு பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

உங்கள் ஊரிலிருந்து யாராவது மனுவோடு கிளம்பினால் சொல்லிவிடுங்கள்: விமான நிலையம், கிண்டி பக்கமிருந்து வந்தால் அரசினர் தோட்டத்தில் இறங்க வேண்டாம். அடுத்தது சென்ட்ரல், அதற்கடுத்தது உயர் நீதிமன்றம். அங்கே இறங்கினால் கோட்டை பக்கம். நடக்க முடியாதவர்கள் ஆட்டோ பிடிக்கலாம்.

அவருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, கீழே பிளாட்பாரம் வரை போனேன். கூவத்துக்கு அடியில் ரயில் போகும் என்றதும், "தண்ணி ஒழுகாதா?" என்று சிரித்தார். கண்ணாடிக் கதவு திறந்தது. உள்ளே ஏறியவர் திரும்பிக் கேட்டார்:

"அங்கயாச்சும் ஆபீஸ் இருக்கும்ல தம்பி?"

"இருக்கும் ஐயா."

கதவு மூடிக்கொண்டது.